பார்த்தீனியத்துக்குப் பங்காளி, தேநீர்க் கோப்பையில்

கேள்வி: நான் ஓசூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வயது 41. நான்கைந்து வருடமாக ஆவணி பிறந்தால் தும்மல் ஆரம்பித்துவிடுகிறது. காலையில் எழுந்ததும் வரிசையாகப் பதினைந்து, இருபது தும்மல். மூக்கு தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும். கார்த்திகைவாக்கில்தான் அடங்கும். மருந்துக் கடையில் கொடுக்கும் குளோர்பெனிரமின் மாத்திரை கேட்கிறது, ஆனால் வகுப்பில் நின்றபடியே தூக்கம் வருகிறது. சூரிச்சில் இருக்கும் என் நாத்தனாருக்கும் இதே தொந்தரவு, மே, ஜூன் மாதங்களில். பரிசோதித்ததில் புல் மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்களாம். அவர் கெமோமில் பூத் தேநீர் குடித்துச் சமாளிப்பதாகச் சொல்லி எனக்கும் ஒரு பெரிய டப்பா அனுப்பினார். மூன்று வாரமாகக் காலையும் இரவும் குடிக்கிறேன். ஆறிய தேநீரில் பஞ்சை நனைத்துக் கண்ணும் துடைக்கிறேன். தும்மல் குறைந்த மாதிரி தெரியவில்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் உதடும் அண்ணமும் நமநமவென்று அரிக்கிறது. இரண்டு நாள் கண் இமை வீங்கிவிட்டது. "உடம்பில் இருக்கிற நஞ்சு வெளியேறுகிறது, விடாமல் குடி" என்கிறார் நாத்தனார். அடுத்த முறை வரும்போது பட்டர்பர் என்ற மூலிகை மாத்திரை கொண்டுவருகிறாராம். என் மாமியாரோ, "தும்பைப் பூச்சாறு ரெண்டு சொட்டு மூக்கில் விட்டால் போதும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நான் குடிக்கக் கூடாது என்றால் டப்பாவை மாமியாருக்குக் கொடுக்கலாமா? அவருக்கு இரவில் தூக்கம் இல்லை. இதய வால்வு ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். இன்னொன்று: எங்கள் தெருவில் பாதி காலி மனை. மழை பெய்தால் இடுப்பு உயரத்துக்குப் பார்த்தீனியம்.

பதில்: அந்தத் தேநீரை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அதில் கண் துடைப்பதை அதற்கும் முன்னால் நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது, உதடு அரிக்கிறது என்ற இடத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. கடைசி வரியில் காலி மனையைப் பற்றி எழுதியிருந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. என் வெளிநோயாளிப் பிரிவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் காலி இடம் உண்டா?" என்பது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கெமோமில் புதிதாக வந்த சரக்கு இல்லை. நாட்டு மருந்துக் கடையில் சீமைச் சாமந்திப்பூ என்று கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். யுனானி வைத்தியர்கள் பாபுனா என்பார்கள். ஐரோப்பாவில் வயிற்று உப்புசத்துக்கும் வாய்ப்புண்ணுக்கும் பாட்டிமார் காலத்திலிருந்தே இதைத்தான் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒரு தீங்கும் செய்யாத செடி. ஆனால் பெயரிலேயே இருக்கிறதே, சாமந்தி என்று. அது சாமந்தி, சூரியகாந்தி குடும்பத்துப் பிள்ளை. அதே குடும்பத்தில்தான் பார்த்தீனியமும் பிறந்திருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் இருப்பவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயத்தில் கசக்கி வைக்கும் மூக்குத்திப் பூண்டு, மரிக்கொழுந்து, மாசிபத்திரி, செண்டுமல்லி எல்லாம் அதில்தான் அடக்கம். ஒரு சாமந்தியைப் பிய்த்துப் பாருங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல பொடிப் பூக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு தட்டு. நடுவில் இருக்கும் அந்த மஞ்சள் மேட்டில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூ, ஒவ்வொன்றுக்கும் தனி மகரந்தம். கெமோமில் தேநீருக்குக் காய வைப்பது இந்த முழுத் தட்டைத்தான். அப்படியென்றால் உங்கள் கோப்பையில் வெந்நீரோடு சேர்ந்து மகரந்தமும் இறங்குகிறது. தும்மலுக்கு மருந்தாக நீங்கள் தினம் இரண்டு வேளை மகரந்தக் கஷாயம் குடித்திருக்கிறீர்கள்.

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குச் செடியின் பெயர் தெரியாது. மகரந்தத்தில் இருக்கும் சில புரதங்களின் வடிவத்தைத்தான் அது நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு தடவை ஒரு புரதத்தைப் பகையாளி என்று முடிவு கட்டிவிட்டால், அதன் சாயலில் வரும் பங்காளியையும் விடுவதில்லை. பார்த்தீனியத்துக்கும் அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களைத் தும்ம வைக்கும் ராக்வீட் செடிக்கும் இப்படி ஒரு சாயல் இருப்பதை 1990களின் தொடக்கத்தில் பெங்களூர் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வுகளே காட்டின. கெமோமிலுக்கோ ராக்வீட்டோடும், நம் மாசிபத்திரியின் ஐரோப்பிய உறவான மக்வர்ட்டோடும் சாயல் உண்டு.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மகரந்த ஒவ்வாமை இருந்த 8 வயது ஸ்பானிஷ் சிறுவன் ஒருவன் கெமோமில் தேநீர் குடித்துக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உள்ளானது 1989இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அடுத்த வருடமே அதே மருத்துவர்கள், கெமோமில் தேநீரால் கண் கழுவிக் கண் சிவந்து அரித்த ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அதில் இரண்டு பேருக்கு இமையும் வீங்கியிருந்தது. உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் தேடிப் பிடிக்க முடியாது.

நாத்தனார் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தொந்தரவு மே, ஜூனில் வருகிறது. அங்கே அது புல் பூக்கும் பருவம், பரிசோதனையும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. புல்லுக்கும் சாமந்திக் குடும்பத்துக்கும் நெருங்கிய உறவு இல்லை. அதனால் அந்தத் தேநீர் அவரை ஒன்றும் செய்யவில்லை. சூடாக எதையாவது குடித்தால் மூக்கு கொஞ்சம் இளகும், மனசுக்கும் இதமாக இருக்கும். கெமோமில் தும்மலை அடக்கும் என்பதற்கு அதற்கு மேல் நான் நம்பிச் சொல்லக்கூடிய ஆதாரம் இல்லை. ஒரே வியாதிப் பெயர், ஒரே தேநீர், ஆனால் தும்ம வைக்கும் செடி வேறு. அவருக்கு இதமாக இருந்தது உங்களுக்கு வினையாகிவிட்டது.

"நஞ்சு வெளியேறுகிறது" என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து நம்ப வேண்டாம். உதடு அரிப்பதும் இமை வீங்குவதும் எதுவும் வெளியேறுவதன் அறிகுறிகள் இல்லை. ஒவ்வாத ஒன்று உள்ளே வந்திருக்கிறது என்று உடம்பு கத்துகிறது. நாக்கு தடிப்பது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, உடம்பெல்லாம் தடிப்பாவது, தலை சுற்றிக் கண் இருட்டுவது, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையைத் தேடிக்கொண்டிராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

காலி மனைக்கு வருவோம். பார்த்தீனியம் நம் ஊர்ச் செடி இல்லை, அமெரிக்க வெப்ப மண்டலத்துச் செடி. 1950களில் புனே பக்கம் பெரிதாகக் கண்ணில் பட்டது. இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்பது பரவலான பேச்சு. காங்கிரஸ் புல் என்று பெயர் வந்ததும் அந்தக் காலத்தில்தான் என்பார்கள். அதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விட்டார்கள். வண்டு இன்றும் தின்றுகொண்டுதான் இருக்கிறது, செடியும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விதை விழுந்தால் வண்டு பாவம் என்ன செய்யும்? மழை பெய்து சில வாரத்தில் ஜவ்வரிசியைத் தூவின மாதிரி வெள்ளைப் பூ தெரியும். ஆடி மழைக்கு முளைத்தது ஆவணியில் பூக்கும். உங்கள் தும்மல் நாள்காட்டியும் அதேதான்.

ஆனாலும் இதை ஊகம் என்றுதான் சொல்வேன். ஆவணி முதல் கார்த்திகை வரை ஓசூரில் காற்றில் புல் மகரந்தமும் இருக்கும், ஈரச் சுவரில் பூஞ்சணமும் இருக்கும். வருடம் முழுக்கத் தும்முகிறவர்களுக்கு மெத்தை, தலையணையில் வாழும் தூசிப் பூச்சிதான் பெரும்பாலும் காரணம், மகரந்தம் இல்லை. உங்களுக்கு மற்ற மாதங்களில் சுத்தமாகத் தொந்தரவு இல்லை என்பதாலும், கெமோமில் உங்களைப் படுத்துவதாலும் என் விரல் பார்த்தீனியத்தை நோக்கி நீள்கிறது. உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. முன்கையில் ஒவ்வொரு மகரந்தச் சாற்றிலும் ஒரு சொட்டு வைத்து, ஊசி முனையால் லேசாகக் கீறி, 15 முதல் 20 நிமிடத்தில் எங்கே கொசுக்கடி மாதிரி தடிக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் தும்மல் மாத்திரை எதுவும் போடக் கூடாது, போட்டால் தடிப்பு வராமல் ஏமாற்றிவிடும். உதடு அரித்ததையும் இமை வீங்கியதையும் சோதனை செய்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவசர மருந்து கைவசம் இருக்கும் இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும். தோலில் செய்ய முடியாவிட்டால் ரத்தத்தில் பார்க்கலாம். முடியை அனுப்பினால் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு ஒவ்வாமை சொல்கிறோம் என்று வரும் விளம்பரங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நாத்தனாரின் அடுத்த மூலிகையான பட்டர்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பருவத் தும்மலுக்கு மூலிகை என்று பேசினால், முறையான ஆய்வைத் தாண்டி வந்த மிகச் சிலவற்றில் இது ஒன்று. ஐரோப்பாவில் ஆற்றோரச் சேற்றில் வளரும். இலை குடை அளவுக்கு இருக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில், இலை விரியும் முன்பே, மங்கிய ரோஜா நிறத்தில் பூக்கொத்து மண்ணைப் பிளந்துகொண்டு வரும். முன்பெல்லாம் இந்த இலையில் வெண்ணெயைப் பொதிந்து வைப்பார்களாம், ஆங்கிலப் பெயர் அதனால்தான். ஜெர்மன் மொழியில் இதற்குக் கொள்ளைநோய் வேர் என்று பொருள்படும் பெயர்.

2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பருவத் தும்மல் உள்ள 125 பேர். பாதிப் பேருக்குப் பட்டர்பர் இலைச்சாற்று மாத்திரை, மீதிப் பேருக்கு நமக்கெல்லாம் தெரிந்த செட்ரிசின். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு அணியும் ஏறக்குறைய சமமாகத் தேறியிருந்தது. செட்ரிசின் போட்டவர்களில் சிலருக்குத் தூக்கக் கலக்கம் இருந்தது. 2005இல் 330 பேரை வைத்து, வெற்று மாத்திரையையும் சேர்த்து ஒப்பிட்ட இன்னொரு ஆய்விலும் இந்த மூலிகை தேறியது. நான் அலோபதிக்காரன் என்பதால் மூலிகை என்றாலே உதட்டைப் பிதுக்குவேன் என்று நினைக்க வேண்டாம். ஆய்வில் தேறினால் அது எந்தச் செடியிலிருந்து வந்தால் என்ன?

சரி, அப்படியானால் வாங்கிக்கொள்ளலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். இந்தச் செடியில், குறிப்பாகக் கிழங்கில், கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற ரசாயனக் கூட்டம் இருக்கிறது. நம் ஊரில் கிலுகிலுப்பைச் செடியிலும் தேள்கொடுக்கிலும் இருப்பது இந்த வகைதான். 1970களின் நடுவில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா பகுதியில் சிறுதானியத்தோடு கிலுகிலுப்பை இன விதை கலந்து, அதைத் தின்ற மலைவாழ் மக்கள் வயிறு வீங்கிக் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். ஆய்வில் பயன்பட்ட சுவிஸ் மாத்திரையில் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். ஆனால் பட்டர்பர் என்று லேபிள் ஒட்டி விற்கும் எல்லா டப்பாவிலும் அதைச் செய்திருப்பார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது? கல்லீரல் பாதிப்புகள் பதிவானதால் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் இதைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. அமெரிக்க நரம்பியல் மருத்துவச் சங்கம் ஒற்றைத் தலைவலிக்கு இதைப் பரிந்துரைத்திருந்தது, பிறகு 2015இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது.

இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், உங்களுக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. பட்டர்பரும் சாமந்திக் குடும்பம்தான். ஒரு பங்காளியிடம் அடி வாங்கிவிட்டு அடுத்த பங்காளி வீட்டுக் கதவைத் தட்டுவானேன்? சமையலறையிலும் இந்த ஒரு கவனம் போதும். எக்கினேசியா என்று சளிக்கு விற்கும் மூலிகையும், மகரந்த உருண்டை என்று தேனீப் பெட்டிக்காரர்கள் விற்பதும் உங்களுக்கு ஆகாது. கரிசலாங்கண்ணிக் கீரையை இத்தனை நாள் தொந்தரவில்லாமல் சாப்பிட்டிருந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். உறவென்றால் எல்லோரும் பகை என்று அர்த்தமில்லை. வாய் அரித்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

மாமியாரின் தும்பை வேறு குடும்பம். அது துளசி, புதினா வகையறா. பார்த்தீனியத்தோடு சொந்தம் எதுவும் இல்லை, அந்த வகையில் மாமியார் பக்கம் ஒரு மதிப்பெண் கூடுதல். எங்கள் வீட்டிலும் மழைக்காலத்தில் பாட்டி தும்பைப் பூவை நல்லெண்ணெயில் போட்டுக் காய்ச்சித் தலையில் வைப்பார். அந்த வாசனையும், பிறகு வெந்நீரில் குளித்துவிட்டு மிளகு ரசம் ஊற்றிச் சாப்பிட்டு வந்த தூக்கமும் இன்னும் நினைவிருக்கிறது. தும்மல் அதனால் நின்றதா, இல்லை தானாக நின்றதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. சித்த வைத்தியத்தில் தும்பைக்கு நெடுநாள் இடம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அழற்சியைக் குறைக்கும் குணம் தெரிகிறது என்று கட்டுரைகளும் வந்திருக்கின்றன. பட்டர்பரை வைத்துச் செய்த மாதிரி நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு என்று எடுத்துக்காட்டத்தான் எதுவும் இல்லை. அதனால், எண்ணெய் ஒத்துக்கொண்டால் தேய்த்துக் குளியுங்கள், துவையல் அரைத்தால் சாப்பிடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

மூக்கில் விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பறித்த பூவைக் கையால் கசக்கிப் பிழிந்த சாறு சுத்தமான மருந்து இல்லை. ஏற்கெனவே வீங்கிச் சிவந்து கிடக்கும் சவ்வில் அதை விட்டால் எரியும், தண்ணீராகக் கொட்டும். அந்தக் கொட்டலைத்தான் பலர் "சளி எல்லாம் இறங்கிவிட்டது" என்று நினைக்கிறார்கள். பூவை அலசிய தண்ணீரும் சேர்ந்து மூக்குக்குள் போகும். காய்ச்சாத தண்ணீர் மூக்கின் மேல்தளம் வரை போவது எவ்வளவு ஆபத்து என்பதைக் கேரளத்தில் 2024இல் அமீபா மூளைக் காய்ச்சல் செய்திகள் வந்தபோது எல்லோரும் படித்தோம். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம்.

அப்புறம், தும்பை எங்கே முளைக்கிறது? அதே காலி மனையில், அதே பார்த்தீனியத்தின் நடுவில்! பூப் பறிக்கப் போகிறவர் பார்த்தீனியத்தை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வெள்ளை வேட்டிக்கு உவமை சொல்லும் அந்தப் பூவின் மேல் பக்கத்துச் செடியின் மகரந்தம் படிந்திருக்கும். சில வருடம் முன்பு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். வாரம் ஒரு நாள் மட்டும் தும்மல் அதிகம் என்றார். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, தலையணையை மாற்றச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவை அவர் மனைவிதான் சொன்னார், வெள்ளிக்கிழமை தோறும் பூஜைக்குத் தும்பை பறிக்கப் புறம்போக்குக்குப் போகிறார் என்று. மாமியாருக்குத் தும்பை வேண்டுமானால் ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்ளட்டும், விதை போட்டால் தானாக வரும்.

மூக்கை அலச ஆசைப்பட்டால் உப்புத் தண்ணீர் இருக்கிறது. உங்கள் வயசைவிடப் பழைய வைத்தியம், எங்கள் பாடப் புத்தகத்திலும் உண்டு. நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி, அதில் அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, சிட்டிகை சமையல் சோடா. மருந்துக் கடையில் அதற்கென்றே பாட்டில் கிடைக்கும். குனிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி, ஒரு மூக்குத் துளையில் விட்டால் மறு துளையில் வரும். பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு தடவை செய்தால் அன்றைக்கு ஒட்டிய மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும். மகரந்தத்தை வெளியே எடுக்கிற வேலைதான் இது, அதனால் இதில் ஒவ்வாமைக்கு இடமே இல்லை. பாட்டிலையும் தினமும் அலசிக் காய வையுங்கள்.

மாத்திரையால் தூக்கம் வருவதற்குத் தீர்வு சுலபம். நீங்கள் போடும் குளோர்பெனிரமின் பழைய தலைமுறை மருந்து, மூளைக்குள்ளும் நுழைந்துவிடும். ஃபெக்சோஃபெனடின், லோரடடின் போன்றவை அவ்வளவாக நுழைவதில்லை. மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபெக்சோஃபெனடினைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு போட்டால் பாதி மருந்து உடம்பில் சேராது. மூக்கடைப்புக்கு என்று உடனே திறக்கும் சொட்டு மருந்து விற்பார்கள், ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று. அதை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கு அதற்கே அடிமையாகி, விட்டால் அடைத்துக்கொள்ளும். நான் அதிகம் திட்டு வாங்குவது அந்தப் பாட்டிலைப் பிடுங்கும்போதுதான்.

நாலு மாதம் விடாமல் தும்முகிற உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையில் வேலை செய்வது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான். ஸ்டீராய்டு என்றதும் முகம் மாறும், தெரியும். ஃப்ளூடிகசோன் ஸ்ப்ரேயில் ஒரு அடிக்கு 50 மைக்ரோகிராம். துளைக்கு இரண்டு அடி என்றாலும் நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 0.2 மில்லிகிராம். வீசிங்குக்கு நாங்கள் வாய்வழி கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 30, 40 மில்லிகிராம் வரை போகும். ஸ்ப்ரே மூக்கோடு நின்றுவிடும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இதை அடித்தவுடன் பலன் தெரியாது, முழுசாகத் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று அலமாரியில் வைப்பவர்கள்தான் அதிகம். அடுத்த வருடம் ஆடிப்பெருக்கு வந்ததும் ஆரம்பித்துவிடுங்கள், ஆவணிக்குத் தயாராக இருக்கும். அடிக்கும்போது தலையை அண்ணாந்து பார்க்காமல் சற்றுக் குனியுங்கள். முனையை நடுத்தண்டை நோக்கி வைக்காமல் அந்தந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை என்று மாற்றிப் பிடித்தால் தானாக அந்தச் சாய்வு வந்துவிடும். நடுத்தண்டில் பட்டால் சிலருக்கு ரத்தம் கசியும்.

இரவில் இருமலோ, மாடி ஏறினால் நெஞ்சில் விசில் சத்தமோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஊதிப் பார்க்கும் சோதனை ஒன்றும் செய்துகொள்ளுங்கள். மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பல பேருக்குச் சேர்ந்தே வரும்.

காலி மனையைச் சுத்தம் செய்ய மாநகராட்சியில் மனு கொடுங்கள். பூக்கும் முன்னால், மழை ஈரத்தில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்கினால்தான் பலன். பூத்தபின் பிடுங்கினால் விதையைத் தூவிவிடுகிற கதைதான். பிடுங்குகிறவர் கையுறையும் முழுக்கை சட்டையும் போட்டுக்கொள்ளட்டும், வெறும் தோலில் பட்டாலே சிலருக்குப் படை மாதிரி வெடித்துவிடும். மாணவர்களைக் கூட்டிப்போய் ஒழிப்பு இயக்கம் நடத்தும் பொறுப்பைப் பள்ளியில் உங்கள் தலையில் கட்டினால், நாசூக்காக வேறு ஆசிரியர் தலைக்கு மாற்றிவிடுங்கள். பூக்காலத்தில் காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள், துணியை அந்த மனைப் பக்கம் காயப் போடாதீர்கள், இரவு தலையணையில் சாயும் முன் முகத்தையும் முன்தலை முடியையும் ஒருமுறை நனைத்துக் கழுவிவிடுங்கள்.

கடைசியாக அந்த டப்பா. மாமியாருக்குக் கொடுக்காதீர்கள். வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சாப்பிடுவது பெரும்பாலும் வார்ஃபரினோ அசெனோகூமராலோவாக இருக்கும். வார்ஃபரினோடு கெமோமிலைத் தாராளமாகச் சேர்த்த ஒரு மூதாட்டிக்கு உள்ளே ரத்தக் கசிவு ஏற்பட்டது 2006இல் கனடாவில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனையை மாதாமாதம் பார்த்து அளவு வைத்திருக்கும் மாத்திரையோடு விளையாட வேண்டாம். தூக்கம் வராததை அவர் அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது சொல்லட்டும். உங்கள் கணவருக்குத் தும்மல் இல்லை, வேறு மாத்திரையும் இல்லை என்றால் அவர் குடித்துத் தீர்க்கலாம். ஆனால் டப்பாவைத் திறப்பதும், பூவை அள்ளிப் போடுவதும், வடிகட்டியைக் கழுவுவதும் அவர் வேலையாகவே இருக்கட்டும். நீங்கள் அந்த நேரத்தில் வேறு அறையில் இருங்கள்.